சிப் சாகும் தேதியை முதலில் படிப்பவர்: பழைய பாகங்களைக் காக்கும் இன்ஜினியர் என்ன செய்கிறார்?

2025 ஜூன் மாதம் மெமரி சந்தையில் ஒரு விசித்திரம் நடந்தது. 2014 முதல் கம்ப்யூட்டர்களில் இருந்துவரும் டிடிஆர்4 சிப்பின் ஸ்பாட் விலை, அதற்கு அடுத்த தலைமுறையான டிடிஆர்5-ஐத் தாண்டியது. நாலு வருஷம் பழைய போன், இந்த வருஷத்து மாடலைவிட அதிக விலைக்குப் போனால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அதுதான்.

காரணம் ஏஐ. டேட்டா சென்டர்களுக்குத் தேவைப்படும் ஹெச்பிஎம் மெமரியில் லாபம் கொட்டுகிறது. அதே அளவு மெமரியை டிடிஆர்5 ஆகச் செய்வதைவிட ஹெச்பிஎம் ஆகச் செய்ய சுமார் மூன்று மடங்கு வேஃபர் பிடிக்கும் என்று மைக்ரான் நிறுவனமே சொல்லியிருக்கிறது. ஆக, தொழிற்சாலையில் இடம் வேண்டும். இடம் எங்கிருந்து வரும்? பழைய பொருளை நிறுத்தினால் வரும். சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றுமே டிடிஆர்4-ஐப் படிப்படியாகக் குறைக்கும் பாதையில் இறங்கின. மைக்ரான் தன் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய கடிதத்தில் இருந்த வார்த்தை, 'எண்ட் ஆஃப் லைஃப்'. சுருக்கமாக இஓஎல்.

உங்களுக்கு லேப்டாப் ரேம் விலை ஏறியது மட்டும்தான் தெரிந்திருக்கும். ஆனால் அதே டிடிஆர்4, ஆஸ்பத்திரியில் இருக்கும் ஸ்கேன் கருவியிலும், தொழிற்சாலை கன்ட்ரோலரிலும், டெலிகாம் டவர் அடியில் இருக்கும் பெட்டியிலும் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கருவிகளை இன்னும் பத்து, பதினைந்து வருஷம் ஓட்டியாக வேண்டும். அந்தக் கடிதம் வந்த அன்று காலையில், அந்தக் கம்பெனிகளில் ஒருவர் காபியைத் தள்ளிவைத்துவிட்டு எக்செல் ஷீட்டைத் திறந்திருப்பார். அவர்தான் அப்சலசன்ஸ் இன்ஜினியர். இந்தக் கட்டுரை அவருடைய வேலையைப் பற்றியது. அந்த வேலை இந்தியாவில் யாருக்காக நடக்கிறது, யாருக்காக நடக்கவில்லை என்பதைப் பற்றியதும் கூட.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அப்சலசன்ஸ் என்பதைத் தமிழில் 'காலாவதி' என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் பால் பாக்கெட் காலாவதி ஆவது போல அல்ல இது. சிப் கெட்டுப்போவதில்லை. நன்றாகத்தான் வேலை செய்கிறது. அதைச் செய்கிறவர் நிறுத்திவிடுகிறார், அவ்வளவுதான். 2021-ல் வந்த சிப் தட்டுப்பாடும் இது இல்லை. அப்போது மாருதி செப்டம்பர் மாத உற்பத்தியை வழக்கத்தில் 40 சதவீதம் அளவுக்குக் குறைக்க வேண்டிவந்தது, ஞாபகம் இருக்கும். தட்டுப்பாடு என்றால் காத்திருந்தால் வரும். இஓஎல் என்றால், எவ்வளவு காத்திருந்தாலும் வராது.

ஏன் நிறுத்துகிறார்கள்?

பெரும்பாலும் பணம். ஒரு சிப்பின் ஆயுளைத் தீர்மானிப்பது போன், கம்ப்யூட்டர் சந்தை. அங்கே நாலைந்து வருஷத்தில் தலைமுறை மாறிவிடும். ரயில், விமானம், ராணுவக் கருவி, மருத்துவக் கருவி செய்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து வாங்கினாலும், அந்தப் பெரிய கடலில் ஒரு குடம்தான். கடைக்காரர் யார் பேச்சைக் கேட்பார்?

வேறு காரணங்களும் உண்டு. கம்பெனிகள் ஒன்றை ஒன்று வாங்கும்போது (2020-ல் இன்ஃபினியன் சைப்ரஸை வாங்கியது, 2021-ல் அனலாக் டிவைசஸ் மேக்சிமை வாங்கியது) ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பொருள் பட்டியலில் இருந்தால், ஒன்று எப்போது போகும் என்ற கவலை வாடிக்கையாளருக்கு வந்துவிடும். சட்டமும் கொல்லும். ஐரோப்பிய யூனியனின் ரோஹெச்எஸ் விதி 2006 ஜூலை 1 முதல் மின்னணுப் பொருட்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியபோது, ஈயம் கலந்த சால்டரை நம்பி இருந்த ஏராளமான பாகங்கள் ஒன்று மாறின, இல்லை மறைந்தன. அண்மையில் 3எம் நிறுவனம், 2025 முடிவுக்குள் பிஃபாஸ் ரசாயனத் தயாரிப்பிலிருந்து வெளியேறுவதாக 2022 டிசம்பரில் அறிவித்தது. ரசாயனம் நின்றால், அதை நம்பி இருக்கும் குளிரூட்டும் திரவம், பூச்சு, சீல் எல்லாமே கேள்விக்குள்ளாகும். அப்சலசன்ஸ் என்றால் சிப் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம்.

எவ்வளவு அவகாசம் கொடுப்பார்கள்? துறையில் பொதுவாக ஏற்றுக்கொண்ட நடைமுறை: கடைசி ஆர்டர் போட 6 மாதம், கடைசி டெலிவரிக்கு 12 மாதம். ஆனால் இது சட்டம் இல்லை. 1976-ல் வந்த இசட்80 பிராசஸரை எடுத்துக்கொள்ளுங்கள். 48 வருஷம் விற்ற சிப். 2024 ஏப்ரலில் ஜைலாக் நிறுவனம் அதன் தனி சிப் வரிசையை நிறுத்துவதாக அறிவித்தது. கடைசி ஆர்டர் தேதி அதே வருஷம் ஜூன் 14. இரண்டு மாதம்! அரை நூற்றாண்டு உறவுக்கு இரண்டு மாத நோட்டீஸ். நம்ம ஊர் வாடகை வீட்டு ஒப்பந்தமே பரவாயில்லை.

ஒரு கடிதம் வந்தால் என்ன நடக்கும்?

காலேஜ் லேபில் 8085 கிட்டில் ஹெக்ஸ் கோடு அடித்த ஆளாக இருந்தால் உங்களுக்கு இது எளிதில் புரியும். ஒரு சர்க்யூட் பலகையில் நூற்றுக்கணக்கான பாகங்கள் இருக்கும். அவை எல்லாம் பட்டியலாக இருப்பது பிஓஎம். சிலிக்கான்எக்ஸ்பர்ட் போன்ற டேட்டாபேஸ்கள் இந்தப் பட்டியலைத் தினமும் மேய்ந்து, எந்தப் பாகத்துக்கு ஆபத்து என்று எச்சரிக்கும். எச்சரிக்கை வந்ததும் இன்ஜினியர் கேட்கும் முதல் கேள்வி, "இது நம்ம எந்தெந்த தயாரிப்புல இருக்கு?" கேட்க எளிது. பத்து வருஷத்துக்கு முன் வேறு கம்பெனியிடம் வாங்கிய டிசைன் என்றால், பதில் கிடைக்கவே ஒரு வாரம் ஆகலாம்.

அடுத்தது மாற்று. அதே கால் அமைப்பு, அதே வோல்டேஜ், அதே வேகம் கொண்ட வேறு சிப் இருக்கிறதா? இருந்தால் அதிர்ஷ்டம். பல சமயம் டேட்டாஷீட்டில் எல்லாம் ஒன்றாக இருக்கும், 14-ஆம் பக்கத்து அடிக்குறிப்பில் மட்டும் ஒரு டைமிங் வித்தியாசம் ஒளிந்திருக்கும். அந்த அடிக்குறிப்பைப் படிக்கிறவருக்குத்தான் சம்பளம்.

மாற்று இல்லையென்றால், 'லாஸ்ட் டைம் பை'. அதாவது தயாரிப்பின் மீதி ஆயுள் முழுக்கத் தேவையானதை இப்போதே வாங்கி அடுக்குவது. இந்த வேலையின் மையமே இந்தக் கணக்குதான். அதனால் ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

ஒரு சின்ன நிறுவனம் வென்டிலேட்டர் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 500 கருவி, ஒவ்வொன்றிலும் நிற்கப்போகும் சிப் 2. இந்த மாடலை இன்னும் 6 ஆண்டு விற்பார்கள். அதற்கு 6,000 சிப். விற்பனை நின்ற பிறகும் 8 ஆண்டு சர்வீஸ் தரவேண்டும். ஏற்கெனவே ஆஸ்பத்திரிகளில் 2,000 கருவி இருக்கிறது, 6 ஆண்டில் அது 5,000 ஆகும். ஆண்டுக்கு 1 சதவீதப் பலகைகள் பழுதாகும் என்றால், 14 ஆண்டில் சுமார் 610 பலகை, அதற்கு 1,220 சிப். அசெம்பிளியில் வீணாவது 3 சதவீதம் என்றால் 180. மொத்தம் 7,400 சிப். ஒன்று 300 ரூபாய் என்றால் 22 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். இன்றைக்கே கட்ட வேண்டும்.

இப்போது உள்ளே வருவார் ஃபைனான்ஸ் மேனேஜர். "14 வருஷ ஸ்டாக்கை யாராவது ஒரே நாள்ல வாங்குவாங்களா?" நியாயமான கேள்விதான். மாடல் ஓடாமல் போனால் பாதிப் பணம் குப்பை. ஆனால் விற்பனை ஆண்டுக்கு 700 ஆக ஏறினால் 2,400 சிப் குறையும், அப்போது உலகத்தில் எங்கும் கிடைக்காது. பழுது 1 சதவீதம் இல்லை, 2 என்றால் இன்னொரு 1,220 குறையும். நாளைய விற்பனையைத் துல்லியமாக யாராலும் சொல்ல முடியாது, ஆனாலும் ஒரு எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியவர் இவர்தான். குறைவாக வாங்கினால் ஆறு வருஷம் கழித்துத் திட்டு விழும், கூடுதலாக வாங்கினால் இந்த வருஷ ஆடிட்டிலேயே திட்டு விழும். மனித இயல்பு எந்தப் பக்கம் சாயும் என்று உங்களுக்கே தெரியும்.

வாங்கிவிட்டால் முடிந்ததா? சிப்பை எப்படி வைக்கிறீர்கள் என்பது முக்கியம். பிளாஸ்டிக் உறை காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல உறிஞ்சும். சால்டர் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி சிப்பையே வெடிக்க வைக்கும். பல சிப்களுக்கு, பையைப் பிரித்த பிறகு 30 டிகிரி, 60 சதவீத ஈரப்பதத்தில் 168 மணி நேரம்தான் கெடு. சென்னை, மும்பை ஆகஸ்ட் மாதக் காற்றை யோசித்துப் பாருங்கள். அதனால்தான் ஈரம் புகாத பை, சிலிகா ஜெல், நைட்ரஜன் அலமாரி எல்லாம்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்காதா?

கிடைக்கும். அதுதான் பிரச்சினை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், பெங்களூரு எஸ்பி ரோடு, மும்பை லாமிங்டன் ரோடு போனால் சரித்திரத்தில் இருந்த எந்த ஐசியும் ஏதாவது ஒரு டப்பாவில் கிடக்கும். காலேஜ் புராஜெக்டுக்கு அருமை. வென்டிலேட்டருக்கு? அந்த சிப் எந்தத் தொழிற்சாலையிலிருந்து, எந்தக் கை மாறி வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. குப்பைக்குப் போன பலகையிலிருந்து பிடுங்கி, மேலே இருந்த எழுத்தைத் தேய்த்து, புது எழுத்து அச்சடித்து விற்பது ஒரு தொழிலாகவே நடக்கிறது. அமெரிக்க செனட்டின் ஆயுதப்படைக் குழு 2012-ல் வெளியிட்ட அறிக்கையில், அந்நாட்டு ராணுவ சப்ளையில் சுமார் 1,800 சந்தேகக் கேஸ்கள், மொத்தம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட போலிப் பாகங்கள் என்று பட்டியலிட்டது. பட்ஜெட்டுக்குப் பஞ்சமே இல்லாத ராணுவத்தின் கதை அது.

நாசாவும் தப்பவில்லை. விண்வெளி ஓடத்தின் பூஸ்டர் சோதனைக் கருவிகளுக்கு 8086 சிப் கிடைக்காமல், ஈபேயில் பழைய கருவிகளைத் தேடி வாங்கியது என்று 2002-ல் செய்தி வந்தது.

நேர்மையான வழி ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் ராச்செஸ்டர் எலக்ட்ரானிக்ஸ் போன்ற நிறுவனங்கள், மூல நிறுவனத்தின் அனுமதியோடு மீதி ஸ்டாக்கை வாங்கி வைத்தும், சிலவற்றைத் திரும்பத் தயாரித்தும் விற்கின்றன. விலை கையைக் கடிக்கும். அதுவும் இல்லையென்றால் பலகையையே புதிதாக டிசைன் செய்ய வேண்டும். டிசைன் செலவை விட, அதற்குத் திரும்ப அனுமதி வாங்கும் செலவுதான் பெரிது. மருத்துவக் கருவி, விமானம், ரயில் எதுவானாலும் சோதனை, சான்றிதழ், காகிதம் எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து.

இந்தியாவில் இது எங்கே வலிக்கிறது?

நீங்கள் ஊருக்குப் போகும் எக்ஸ்பிரஸ் ரயிலை இழுக்கும் டபிள்யூஏபி-7 இன்ஜினையே எடுத்துக்கொள்வோம். இதன் தொழில்நுட்பம், 1993-ல் ஏபிபி நிறுவனத்துடன் ரயில்வே போட்ட ஒப்பந்தத்தின் வழியாக வந்தது. மோட்டாருக்கான மின்சாரத்தை மாற்றித் தரும் கன்வெர்ட்டரில் அப்போது இருந்தது ஜிடிஓ தைரிஸ்டர். அந்தக் காலத்தில் அது உச்சத் தொழில்நுட்பம். ஆனால் மேற்கு வங்கத்தின் சித்தரஞ்சன் ஆலை 1998-ல் தன் முதல் டபிள்யூஏஜி-9 இன்ஜினை வெளியே அனுப்பிய நேரத்திலேயே, உலகம் ஐஜிபிடி என்ற அடுத்த வகைக்கு நகரத் தொடங்கிவிட்டது. மின்சார இன்ஜினுக்கு ரயில்வே வைத்திருக்கும் ஆயுள் 35 ஆண்டு. ஜிடிஓ-வின் சந்தை அதில் பாதி தூரம்கூட வரவில்லை. பிறகு புது இன்ஜின்கள் ஐஜிபிடிக்கு மாறின. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த இன்ஜின்களின் கன்வெர்ட்டர்களையும் மாற்றும் வேலை தனியாக நடந்தது. ரயில்வே இதைச் சமாளித்தது என்பது உண்மை. ஆயிரக்கணக்கில் இன்ஜின் வைத்திருக்கும் வாடிக்கையாளர் என்பதால் புது கன்வெர்ட்டர் செய்துதரக் கம்பெனிகள் வரிசையில் நின்றன. 40 கருவி மட்டும் வைத்திருக்கும் ஒரு அரசு ஆய்வகத்துக்கு யார் வருவார்?

விமானப்படையின் ஜாகுவார் கதை இன்னும் கடினம். உலகத்தில் இந்தியா மட்டும்தான் இன்றும் அதை ஓட்டுகிறது. பிரான்ஸ் ஓய்வு கொடுத்த ஜாகுவார்களை வாங்கி, பிரித்து, பாகம் எடுத்து ஓட்ட வேண்டிய நிலை.

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனியுங்கள். நமது பாதுகாப்புக் கொள்முதலின் மாதிரி ஒப்பந்தத்திலேயே ஒரு நல்ல விதி இருக்கிறது: உற்பத்தி வரிசையை மூடுவதற்குக் குறைந்தது 2 ஆண்டுக்கு முன் விற்பவர் நோட்டீஸ் தரவேண்டும், அப்போதுதான் வாங்குபவர் ஆயுள் முழுக்கத் தேவையான உதிரிகளை வாங்கி வைக்க முடியும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ரேடார் விற்பவர் 2 ஆண்டு வாக்குக் கொடுக்கிறார், ரேடாருக்குள் இருக்கும் சிப்பைச் செய்பவர் அவருக்கே 6 மாதம்தான் கொடுக்கிறார். மீதி ஒன்றரை ஆண்டு யார் தலையில்? ரேடார் விற்பவர் சொந்தமாக ஸ்டாக் வைத்திருந்தால் தப்பித்தோம். இல்லையென்றால் அந்த விதி காகிதத்தில் மட்டும்.

நோட்டீஸ் சரியான நேரத்தில் வந்தாலும், அரசு அலுவலகத்தில் 6 மாதத்துக்குள் கொள்முதல் ஆர்டர் வெளியே வருமா என்பது அடுத்த கேள்வி. டெண்டர், குறைந்த விலைக்காரர் விதி, நிதியாண்டு முடிவு எல்லாம் இருக்கிறது. பத்து வருஷத்துக்கான சிப்பை வாங்கி அலமாரியில் வைத்தால், 'அசையாத ஸ்டாக்' என்று தணிக்கைக் குறிப்பு எழுத வாய்ப்பு அதிகம். வாங்காமல் விட்டு, எட்டு வருஷம் கழித்து கருவி நின்றால், அன்றைக்கு அந்த நாற்காலியில் வேறொருவர் இருப்பார். என் கருத்தில் இந்தியாவின் அப்சலசன்ஸ் பிரச்சினை பாதிக்கு மேல் இந்தக் கணக்கு வழக்கில்தான் இருக்கிறது, இன்ஜினியரிங்கில் இல்லை.

ஏனென்றால் இன்ஜினியரிங் இங்கே தாராளமாக இருக்கிறது. சையன்ட், எல்&டி டெக்னாலஜி சர்வீசஸ் போன்ற நிறுவனங்கள் இதையே ஒரு சேவையாக உலகத்துக்கு விற்கின்றன. பெங்களூரு, ஹைதராபாத், புனே, சென்னையில் இருக்கும் பன்னாட்டு நிறுவனங்களின் இன்ஜினியரிங் மையங்களிலும் இந்த வேலை நடக்கிறது. ஐரோப்பிய விமானத்துக்கோ அமெரிக்க ஸ்கேன் கருவிக்கோ எந்தச் சிப் எந்த வருஷம் நிற்கும் என்று கணக்குப் போடுகிறவர் ஓஎம்ஆரில் இருக்கலாம். அதே கணக்கு நம் மின்வாரியத்துக்கும் மாநகரப் பேருந்துக்கும் போடப்படுகிறதா? நாடு முழுக்க 25 கோடி ஸ்மார்ட் மீட்டர் இலக்கு வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றிலும் ஒரு மைக்ரோகன்ட்ரோலர், ஒரு தொடர்பு சிப். இந்த மீட்டர்களை வருஷக்கணக்கில் பராமரிக்க வேண்டும். அந்தச் சிப் நிற்கும் நாளில் யார் பணம் கட்டுவது என்பது ஒப்பந்தத்தில் தெளிவாக இருந்தால் மட்டுமே, நாளை உங்கள் பில்லில் அது வராது.

சொந்த சிப் வந்தால் தீருமா?

ஓரளவு. இஸ்ரோவின் ராக்கெட்டுகளில் 2009 முதல் விக்ரம் 1601 என்ற 16-பிட் பிராசஸர் பறக்கிறது. அதன் அடுத்த தலைமுறை, 32-பிட் விக்ரம் 3201, 2025-ல் கைக்கு வந்தது. திருவனந்தபுரம் விஎஸ்எஸ்சி வடிவமைத்து, மொஹாலி செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டரில் செய்தது. "இதென்ன, போன்ல 3 நானோமீட்டர் வந்தாச்சே" என்று சமூக ஊடகத்தில் கேலி செய்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். ராக்கெட்டுக்கு வேகம் பெரிதல்ல. அதே சிப் அடுத்த இருபது வருஷமும் கிடைக்கும் என்ற உறுதிதான் பெரிது. அந்தக் கேலிக்கு இதுதான் பதில். ஆனால் ஒரே ஒரு ஆலையை நம்புவதில் வேறு ஆபத்து இருக்கிறது. 1989-ல் மொஹாலி ஆலை தீயில் எரிந்து, இந்தியாவின் சிப் கனவு பல வருஷம் பின்னால் போனது.

குஜராத் தோலேராவில் டாடா, தைவானின் பிஎஸ்எம்சியோடு கட்டும் ஆலை 28 முதல் 110 நானோமீட்டர் வரையிலான சிப்களுக்கானது. கார், மீட்டர், மோட்டார் கன்ட்ரோல் எல்லாம் இந்த அளவில்தான் இருக்கின்றன. அதனால் நம்பிக்கை வைக்கலாம். ஆனால் 91,000 கோடி ரூபாய் போட்ட ஆலையும் மாதம் 50,000 வேஃபரை நிரப்பித்தான் ஆக வேண்டும். லாபமான ஆர்டர் வந்தால் அதுவும் பழைய பொருளை ஒதுக்கும். சாம்சங் செய்வதை டாடா செய்யாது என்று நினைக்கக் காரணம் இல்லை. 'இந்தச் சிப்பை இத்தனை ஆண்டு தருவோம்' என்று இன்றே எழுதி வாங்கினால்தான் உள்ளூர் ஆலையால் இந்த விஷயத்தில் லாபம். மைக்ரான்கூட டிடிஆர்4-ஐ முழுசாக நிறுத்தவில்லை. கார், தொழில், பாதுகாப்புத் துறை போன்ற நீண்டகால வாடிக்கையாளர்களுக்கு அமெரிக்க ஆலையிலிருந்து தொடரும் என்றது. அந்த வரிசையில் இடம் பிடித்தவர்கள், முன்பே உட்கார்ந்து பேசி வைத்தவர்கள்.

வேலை தேடுகிறவர்களுக்கு ஒரு தகவல். ஈசிஇ, இஇஇ படித்து, கோடிங் பக்கம் போக மனசில்லாமல் இருக்கிறீர்களா? இந்த வேலைக்கு டேட்டாஷீட் பொறுமை, கொஞ்சம் புள்ளியியல், பர்ச்சேஸ் ஆட்களிடமும் ஃபைனான்ஸ் ஆட்களிடமும் அவர்கள் மொழியில் பேசும் திறமை வேண்டும். ஐஇசி 62402 என்ற சர்வதேசத் தரநிலையின் 2019 பதிப்பைப் படித்துவிட்டு இன்டர்வியூவுக்குப் போனால் தனியாகத் தெரிவீர்கள். பாராட்டு எதிர்பார்க்க வேண்டாம். நீங்கள் சரியாகச் செய்தால் எதுவுமே நடக்காது, அப்ரைசலில் 'எதுவும் நடக்கவில்லை' என்பதைச் சாதனையாக எழுதுவது கஷ்டம். ஜாப் போர்ட்டலில் 'அப்சலசன்ஸ்' என்று மட்டும் தேடினால் குறைவாகத்தான் வரும். 'காம்போனென்ட் இன்ஜினியர்', 'சஸ்டெய்னிங் இன்ஜினியர்' என்ற பெயர்களிலும் தேடுங்கள், அதே வேலை அங்கேயும் ஒளிந்திருக்கும்.